இங்கிலாந்தின் குட்டித் தொகுதி எந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது? கண்டுபிடிக்கும் வழி

1832க்கு முந்தைய இங்கிலாந்துத் தேர்தல்களைப் பற்றித் தேடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது வேட்பாளர் பட்டியலைத்தான். யார் நின்றார், எத்தனை ஓட்டு வாங்கினார், எந்தக் கட்சி என்று குறித்துக்கொண்டே போவார்கள். சின்ன ஊர்த் தொகுதிகளில் இந்த வழி ரொம்ப தூரம் கொண்டுபோகாது. அங்கே ஓட்டு கேட்டவர் யார் என்பது இரண்டாவது கேள்வி. ஓட்டுப் போடும் உரிமை யாருடைய இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாகக் கிடந்தது என்பதுதான் முதல் கேள்வி. அதைத் தேடும் வழியை, எனக்குப் பலன் தந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நான் சொத்துப் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவள். மகள் வீடு சஸ்ஸெக்ஸில் ஹார்ஷம் என்ற ஊரில். அங்கே தங்கியிருந்தபோது, இந்த ஊரின் இரண்டு எம்.பி. இடங்களுக்காக ஒரு விதவைச் சீமாட்டியும் ஒரு டியூக்கும் இருபது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட மல்லுக்கட்டினார்கள் என்று தெரிந்தது. சண்டை முழுக்கப் பத்திரச் சண்டை. அதன்பிறகு என்னால் விட முடியவில்லை. அதனால் என் உதாரணங்களில் ஹார்ஷம் அடிக்கடி வரும். முறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதல் வேலை: ஓட்டு எதற்குக் கிடைத்தது?

1801க்கு முன் நாடாளுமன்றத்தின் கீழவையில் 558 உறுப்பினர்கள். அவர்களில் 489 பேர் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். அதிலும் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் 'பரோ' எனப்பட்ட ஊர்த் தொகுதிகளிலிருந்து வந்தார்கள். பெரும்பாலான பரோக்களுக்கு இரண்டு உறுப்பினர். ஊர் பெரிதா சிறிதா என்ற கணக்கே கிடையாது. யாருக்கு ஓட்டு என்பதும் ஊருக்கு ஊர் மாறும். எனவே உங்கள் ஊரில் ஓட்டு எதோடு ஒட்டிக்கொண்டிருந்தது என்று முதலில் பாருங்கள். ஹிஸ்டரி ஆஃப் பார்லிமென்ட் நிறுவனத்தின் இலவச இணையதளத்தில் ஒவ்வொரு பரோவுக்கும் ஒரு கட்டுரை இருக்கிறது. அதன் தலைப்பிலேயே வாக்குரிமையின் வகை ஒரு வரியில் வந்துவிடும்.

சில ஊர்களில் ஊராட்சி உறுப்பினர்களுக்கு மட்டுமே ஓட்டு. பக்கிங்ஹாம் ஊரில் மொத்த வாக்காளர்களே 13 பேர். ஊர்த் தலைமை அதிகாரியான பெய்லிஃபும் பன்னிரண்டு உறுப்பினர்களும். அந்தப் பதின்மூன்று பேரை ஸ்டோ மாளிகையின் கிரென்வில் குடும்பம் கையில் வைத்திருந்தால் போதும், வேறு வேலையே இல்லை. சில ஊர்களில் 'ஃப்ரீமேன்' என்று பட்டியலில் சேர்க்கப்பட்டவர்களுக்கு ஓட்டு. அங்கே சேர்க்கிற அதிகாரம் யாரிடம் என்று பார்க்க வேண்டும். தேர்தலுக்கு முந்தின நாள் கூட்டம் கூட்டமாக ஆள் சேர்க்கும் வழக்கம் முற்றிப்போய்த்தான், கௌரவ ஃப்ரீமேன்கள் சேர்ந்து பன்னிரண்டு மாதம் ஆகாமல் ஓட்டுப் போடக்கூடாது என்று 1763ல் சட்டம் போட்டார்கள். இன்னும் சில ஊர்களில் உள்ளூர் வரி கட்டுகிற வீட்டுக்காரர்களுக்கு ஓட்டு. அங்கே வரிப்பதிவேட்டை எழுதுகிற ஆள்தான் முக்கியம். ஒரு பெயரை விட்டுவிட்டால் ஒரு ஓட்டு காலி.

நான் அதிகம் நேரம் செலவிட்டது பர்கேஜ் பரோக்களில். பர்கேஜ் என்பது பரோ எல்லைக்குள் இருந்த பழைய மனைக்கட்டு. அதற்கு ஊரின் மேலுரிமை பெற்ற பிரபுவுக்கு வருஷத்துக்குச் சில பென்ஸ் நில வாடகை. மனை யார் பேரிலோ அவருக்கு ஓட்டு. பல ஊர்களில் மனைமேல் வீடு நிற்க வேண்டும் என்றுகூட இல்லை. ஓட்டுக்காரர் அந்த ஊரில் குடியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. சஸ்ஸெக்ஸிலேயே இருக்கும் மிட்ஹர்ஸ்ட்டில், பர்கேஜ் மனைகள் பூங்கா மதிலுக்குள் அடங்கிப்போய், மதிலில் பதித்த கற்கள்தான் மனைகளுக்கு அடையாளம் என்று அந்தக் காலத்தில் பேச்சு. பின்னாளில் விக் கட்சித் தலைவரான சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் 1768ல், 19 வயதில், சட்டப்படி வயது வருவதற்கு முன்பே எம்.பி. ஆனது இந்த மிட்ஹர்ஸ்ட்டுக்குத்தான்.

'ஓல்ட் சேரம்' (Old Sarum), அதாவது பழைய சேரம் என்ற தொகுதி இன்னும் மோசம். அங்கே ஊரே இல்லை, மேடும் புல்லும்தான். 1831ல் அதற்கு 11 வாக்காளர்கள், ஒருவரும் அங்கே குடியிருக்கவில்லை. அந்த மேட்டை 1690களின் தொடக்கத்தில் வாங்கிய தாமஸ் பிட், பின்னர் 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர். அவருடைய பேரன், பின்னாளில் பிரதமரான மூத்த வில்லியம் பிட், 1735ல் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது அந்த மேட்டின் உறுப்பினராகத்தான். ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த பால் பென்ஃபீல்டும் 1780ல் கிரிக்லேட் தொகுதியில் எம்.பி. ஆனார். நம் பக்கத்து வட்டிப் பணம் இங்கிலாந்தின் குட்டித் தொகுதிகளுக்குள் ஓடியதைத் தனியாகவே ஒருவர் எழுதலாம். எழுத வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

இங்கே ஒரு சட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டு யாருக்கு என்ற தகராறில் கீழவை கடைசியாகச் சொன்ன தீர்ப்பே அந்த ஊருக்கு நிலையான விதி என்று 1729ல் உறுதியாக்கினார்கள். அந்தக் கடைசித் தீர்ப்பின் வாசகத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். ஹார்ஷம் தீர்ப்பில், பர்கேஜ் வீட்டிலோ நிலத்திலோ பரம்பரை உரிமை அல்லது ஆயுள் உரிமை உள்ளவர்களுக்கு ஓட்டு என்று இருக்கிறது. 'ஆயுள் உரிமை' என்ற அந்த இரண்டு சொல் வழியாகத்தான் இரண்டு தரப்பும் ஆட்களை உள்ளே விட்டார்கள்.

பத்திரத்தைப் புரட்டுங்கள்

வாக்குரிமை மண்ணோடு சேர்ந்தது என்று தெரிந்துவிட்டால், மண் யாரிடம் என்று பார்க்க வேண்டும். மேற்கு சஸ்ஸெக்ஸ் ஆவணக் காப்பகம் சிசெஸ்டரில் இருக்கிறது. மற்றக் கவுன்டிகளுக்கும் இப்படி ஒன்று உண்டு. ஒரு விஷயம்: பெரிய குடும்பங்களின் தாள்கள் அவர்களுடைய தலைமை எஸ்டேட் இருந்த ஊருக்குப் போயிருக்கும். ஹார்ஷத்தை நெடுங்காலம் ஆட்டிவைத்த இங்கிராம் குடும்பம், அதாவது இர்வின் பிரபுக்கள், யார்க்‌ஷயரில் டெம்பிள் நியூசம் மாளிகைக்காரர்கள். அவர்கள் தாள்களைத் தேடி லீட்ஸுக்குத்தான் போக வேண்டும். எதிர்த்தரப்பான நார்ஃபோக் டியூக்கின் தாள்கள் ஆரண்டெல் கோட்டையில். கிளம்புவதற்கு முன் நேஷனல் ஆர்க்கைவ்ஸின் இணைய அட்டவணையில் குடும்பப் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள், அலைச்சல் மிச்சம். காப்பகத்துக்குள் பேனா கூடாது, பென்சில்தான்.

பத்திரம் கைக்கு வந்ததும் எழுத்தைப் பார்த்து மிரள வேண்டாம். 18ஆம் நூற்றாண்டில் கிரயம் பெரும்பாலும் இரட்டைப் பத்திரமாக வரும். பத்திரம் எழுதுவது பதனிட்ட தோலில். முதல் தோல் சின்னது: ஐந்து ஷில்லிங்குக்கு ஒரு வருஷக் குத்தகை. மறுநாள் தேதியிட்ட இரண்டாவது தோல் பெரியது: அந்தக் குத்தகைக்காரருக்கே சொத்தை முழுக்க விட்டுக்கொடுப்பது. இரண்டும் சேர்ந்தால்தான் விற்பனை. சின்னதை மட்டும் பார்த்து ஐந்து ஷில்லிங்குக்கு வீடு போயிற்று என்று எழுதிவிடாதீர்கள். உண்மையான தொகை பெரிய தோலில் இருக்கும்.

அந்தத் தொகையை உற்றுப் பாருங்கள். கூரை ஒழுகும் ஒரு குடிசை, பின்னால் கையகலத் தோட்டம். விலை நூற்றுக்கணக்கான பவுண்டு. அது வீட்டு விலை இல்லை, ஓட்டு விலை. ஒரே தெருவில் பத்து வருஷ இடைவெளியில் இப்படி விலை எகிறினால், அந்த ஊருக்குள் இரண்டாவது குடும்பம் நுழைந்துவிட்டது என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து பத்திரத்தின் முதுகு. மடித்து வைக்கும்போது வெளியே தெரியும் பக்கத்தில் காரியஸ்தர் ஒரு வரிக் குறிப்பு எழுதியிருப்பார். சில பத்திரங்களில், மனையை நேரில் நின்று ஒப்படைத்ததற்கான குறிப்பும் சாட்சிக் கையெழுத்துகளும் அங்கேயே இருக்கும். பொதுத்தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னதாக, ஒரே தேதியில், ஒரே கையெழுத்தில், அதே இரண்டு சாட்சிகளோடு ஒரு கட்டுப் பத்திரம் கிடைத்தால் அவை பினாமிப் பத்திரங்கள். மனையைத் தம்பிக்கும் மருமகனுக்கும் வக்கீலுக்கும் பங்காளி வீட்டுப் பையனுக்கும் பேருக்கு எழுதிவைத்து, ஓட்டு விழுந்ததும் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஓட்டைப் பெருக்குவதற்காகச் சொத்தைக் கூறுபோட்டு எழுதும் பத்திரம் செல்லாது என்று 1696லேயே சட்டம் இருந்தது. சட்டம் இருந்ததால்தான் பத்திரங்களை இவ்வளவு ஜாக்கிரதையாக எழுதினார்கள். என் பழைய வேலையில் நான் பார்த்த பினாமிப் பத்திரங்களுக்கும் இவற்றுக்கும் முகஜாடை ஒன்றுதான்.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. 1752க்கு முன் இங்கிலாந்தில் புது வருஷம் மார்ச் 25ல் பிறந்தது. பத்திரத்தில் 1714 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்குக்கு அது 1715 பிப்ரவரி. இதைக் கவனிக்காவிட்டால் தேர்தலுக்குப் பிறகு எழுதிய பத்திரம் முன்னால் எழுதியதுபோலத் தெரியும், மொத்தக் கதையும் தலைகீழாகிவிடும். பணக் கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 21 ஷில்லிங் ஒரு கினி. வக்கீல்களின் பில் கினியில்தான் வரும்.

முடிவை அறிவிக்கும் ஆளைப் பிடியுங்கள்

இந்தப் பகுதிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. எந்த ஓட்டு செல்லும், எது செல்லாது என்று மேடையில் நின்று முடிவு செய்தது தேர்தல் அதிகாரி. சில ஊர்களில் அவர் மேயர், சில ஊர்களில் பெய்லிஃப். அவரை நியமித்தது யார் என்று தெரிந்தால் பாதிக் கதை முடிந்தது.

ஹார்ஷத்தில் அதிகாரிகள் இரண்டு பெய்லிஃப்கள். வருஷாவருஷம் கூடும் ஊர் நீதிமன்றத்தில் ஜூரி நான்கு பெயர்களைச் சொல்வார்கள். அதிலிருந்து இரண்டு பேரைப் பொறுக்குவது, அந்த நீதிமன்றத்தை நடத்தும் காரியஸ்தர். அவர் ஊரின் மேலுரிமைப் பிரபுவின் ஆள். அந்தப் பிரபு நார்ஃபோக் டியூக்.

இப்போது எதிர்ப்பக்கம். ஒன்பதாவது இர்வின் பிரபு 1778ல் இறந்ததும் பர்கேஜ்களின் பெரும்பகுதி அவருடைய விதவை லேடி இர்வின் கைக்கு வந்தது. பெண் என்பதால் அவரால் ஓட்டுப் போட முடியாது, நாடாளுமன்றத்தில் உட்காரவும் முடியாது. ஆனால் யார் உட்காருவார்கள் என்று சொல்ல முடிந்தது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் யாரோ ஒரு பிடிவாதக்காரக் கிழவி என்று ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கு அது வருத்தம். 1786ல் பட்டத்துக்கு வந்த பதினோராவது டியூக், பணமும் செல்வாக்கும் உள்ளவர், ஹார்ஷத்தில் கிடைத்த பர்கேஜையெல்லாம் வாங்கத் தொடங்கினார். அவரை எதிர்த்துத் தன் பத்திரங்களை ஒவ்வொன்றாகக் காப்பாற்றி நின்றது இந்த அம்மாள்.

1790 பொதுத்தேர்தலில் டியூக்கின் ஆட்கள் இரண்டு பேர் ஜெயித்ததாக அறிவித்தார்கள். அவர்களில் ஒருவர் திமத்தி ஷெல்லி, பக்கத்து வார்ன்ஹமைச் சேர்ந்த நிலக்கிழார். லேடி இர்வின் தரப்பு நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டது. 1792ல் கமிட்டி முடிவைப் புரட்டியது. டியூக் ஆட்கள் வெளியே, சீமாட்டியின் ஆட்கள் உள்ளே. உள்ளே வந்தவர்களில் ஒருவர் லார்ட் வில்லியம் கார்டன், அவருடைய மருமகன். திமத்தி ஷெல்லி பதவி இழந்த அதே வருஷம் ஆகஸ்டில் அவருக்குப் பிறந்த மகன்தான் கவிஞர் ஷெல்லி.

1807ல் லேடி இர்வின் இறக்கும் வரை டியூக்கால் ஹார்ஷத்தை முழுசாகப் பிடிக்க முடியவில்லை. சொத்து இன்னொரு மகளுக்கும் அவள் கணவரான ஹெர்ட்ஃபோர்ட் மார்க்வெஸுக்கும் போனது. அவர்கள் 1811ல் ஹார்ஷம் சொத்தை டியூக்குக்கே விற்றார்கள், விலை தொண்ணூறாயிரம் பவுண்டுக்கு மேல். இரண்டு எம்.பி. இடம் சேர்ந்த விலை அது.

மனுக்களைப் படிக்கும்போது 1770 என்ற வருஷத்தை நினைவில் வையுங்கள். அதற்கு முன் தேர்தல் மனுவை முழு அவையும் ஓட்டெடுத்துத் தீர்த்தது. யாருக்குப் பெரும்பான்மையோ அவருக்கு நியாயம். அந்த வருஷம் கொண்டுவந்த கிரென்வில் சட்டத்துக்குப் பிறகு, குலுக்கல் முறையில் தேர்ந்த சின்னக் கமிட்டி சாட்சிகளை விசாரித்தது. அதனால் 1770க்குப் பிந்தைய மனுக்களில் சாட்சியம் நிறைய இருக்கும்: தச்சர், சத்திரக்காரர், வேலைக்காரி எல்லாரும் பேசுவார்கள். ஒரு சின்ன ஊரின் சாதாரண ஜனங்கள் தங்கள் வாயால் பேசியது பதிவான இடம் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

ஓட்டுப் புத்தகத்தை வாடகைக் கணக்கோடு சேர்த்து வையுங்கள்

ரகசிய வாக்கெடுப்பு வந்தது 1872ல். அதுவரை மேடை ஏறி, எல்லார் காதிலும் விழ, இன்னாருக்கு என் ஓட்டு என்று சொல்ல வேண்டும். அதை எழுதிக்கொண்டு போய் அச்சகத்தார் புத்தகமாகப் போட்டு விற்பார்கள். பெயர், தொழில், யாருக்குப் போட்டார், எல்லாம் இருக்கும். லண்டனில் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹிஸ்டாரிக்கல் ரிசர்ச் நூலகத்தில் இவை ஏராளம்.

இரண்டு இடம் உள்ள தொகுதியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. ஒரே தரப்பின் இரண்டு பேருக்கும் போட்டிருந்தால் அவர் அந்தக் குடும்பத்துக்குக் கட்டுப்பட்டவர். தரப்புக்கு ஒன்றாகப் பிரித்துப் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் பயம், அல்லது இரண்டு பக்கமும் வியாபாரம். ஒரே ஒருவருக்கு மட்டும் போட்டு இன்னொரு ஓட்டை வீணாக்கியிருந்தால் அதைச் சிவப்பில் குறியுங்கள். ஏதோ உறுதியோடு வந்த ஆள் அவர்.

அப்புறம் நிலவரிப் பட்டியலை எடுங்கள். 1780 முதல் 1832 வரை வருஷாவருஷம் எழுதிய இந்தப் பட்டியல்கள் பல கவுன்டிக் காப்பகங்களில் நன்றாகவே மிஞ்சியிருக்கின்றன. ஒரு பத்தியில் சொந்தக்காரர், அடுத்ததில் குடியிருப்பவர். ஓட்டுப் புத்தகத்தின் பெயர்களை இதோடு பொருத்தினால், எந்தக் குடியிருப்பவர் வீட்டுக்காரர் சொன்னபடி போட்டார், யார் மீறினார் என்று தெரிந்துவிடும். மீறியவர்களின் பெயரைத் தனித்தாளில் எழுதிக்கொண்டு அடுத்த வருஷப் பட்டியலைத் திறங்கள். அதே வீட்டில் வேறு பெயர் இருந்தால், என்ன நடந்தது என்று தேடுங்கள். சாவாக இருக்கலாம், இடமாற்றமாக இருக்கலாம். அதனால் அவசரப்பட வேண்டாம். சர்ச்சின் அடக்கப் பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லை, மீறிய மற்றவர்கள் வீட்டிலும் ஆள் மாறியிருக்கிறது என்றால் காலி செய்ய வைத்திருக்கிறார்கள்.

இது கற்பனைப் பயமில்லை. நியூவார்க்கில் 1829 இடைத்தேர்தலில் தன் வேட்பாளருக்கு எதிராகப் போட்ட குத்தகைதாரர்களுக்கு நியூகாஸில் டியூக் வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் அனுப்பினார். ஊர் கொதித்தது. என் சொத்தை என் விருப்பப்படி செய்ய எனக்கு உரிமை இல்லையா என்று கேட்டார் டியூக். யார்க்‌ஷயரில் மால்டன் ஊர் 1807ல் ஃபிட்ஸ்வில்லியம் பிரபுவின் வேட்பாளர் ஒருவரைத் தோற்கடித்தது; பிரபு வாடகையை ஏற்றினார். இந்த ஊர்களைப் பற்றிய பேச்செல்லாம் டியூக்கையும் பிரபுவையும் சுற்றியே ஓடுகிறது. மேடை ஏறி வீட்டுக்காரருக்கு எதிரான பெயரைச் சொல்லிவிட்டு, அதே வீட்டுக்கு நடந்து போன செருப்புத் தைப்பவரின் பெயரும் ஓட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அதை எடுத்து எழுதுங்கள். இந்த வேலையில் நான் மிகவும் மதிப்பது அந்தப் பட்டியலைத்தான்.

பில்கள்

காரியஸ்தரின் கணக்குக் கட்டில் சத்திர பில், பியர், ரிப்பன், மணியடிப்பவர்கள், வாத்தியக்காரர்கள், ஜெயித்தவரை நாற்காலியில் தூக்கிச் செல்லும் ஆட்கள் என்று வரிசையாக வரும். எந்தச் சத்திரம் எந்தக் குடும்பத்துக்கு என்று முதலில் பிரியுங்கள். நீல ரிப்பன் எந்தப் பக்கம் என்று ஊருக்கு ஊர் மாறும், ஊகிக்க வேண்டாம்.

செலவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1768ல் நார்தாம்ப்டன். பர்கேஜ் ஊர் அல்ல, சுமார் ஆயிரம் வாக்காளர்கள் உள்ள ஊர், ஆனால் மூன்று பிரபுக் குடும்பங்கள் அதற்காக மோதின: ஹாலிஃபாக்ஸ், நார்தாம்ப்டன், ஸ்பென்சர். மாளிகைகள் மாதக்கணக்கில் திறந்தே கிடந்தன. ஹாலிஃபாக்ஸின் ஹார்ட்டன் மாளிகையில் பழைய போர்ட் ஒயின் தீர்ந்து உயர்ந்த கிளாரெட்டை ஊற்றியபோது, புளிச்ச ஒயின் கொடுக்கிறவருக்கு ஓட்டு இல்லை என்று கூட்டம் எதிர்ப்பக்கம் போய்விட்டதாக ஒரு கதை உண்டு. ஸ்பென்சர் மட்டும் ஒரு லட்சம் பவுண்டு செலவழித்ததாகச் சொல்வார்கள். நார்தாம்ப்டன் பிரபு மரங்களை வெட்டி, தட்டுமுட்டுச் சாமான்களை விற்று, மீதி வாழ்நாளை ஸ்விட்சர்லாந்தில் கழித்தார். வேட்பாளராக நின்ற அட்மிரல் ராட்னி பின்னால் கடன்காரர்களுக்குப் பயந்து பாரிஸுக்குப் போனார்.

போட்டி இல்லாத வருஷங்களை ஒதுக்காதீர்கள்

'போட்டியின்றித் தேர்வு' என்று வரிசையாக நாற்பது வருஷம் வந்தால், ஆர்வம் குறைந்து பலரும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பிடி இறுகியிருந்தது அங்கேதான். இரண்டு குடும்பங்களும் சண்டையில் களைத்துப் போய், ஆளுக்கொரு இடம் என்று பங்கு பிரித்திருப்பார்கள். ஊருக்கு ஓட்டுப் போடும் வேலையே இருக்காது. வெஸ்ட்மோர்லண்டில் ஆப்பிள்பி ஊரில் லவ்தர் குடும்பமும் தானெட் பிரபுவின் டஃப்டன் குடும்பமும் 1754ல் பணத்தைக் கொட்டி மோதிவிட்டு, அப்புறம் ஆளுக்கொன்று என்று ஒத்துப்போனார்கள். இளைய வில்லியம் பிட் 1781ல் எம்.பி. ஆனது சர் ஜேம்ஸ் லவ்தர் தயவில், இதே ஆப்பிள்பிக்கு. லங்காஷயரின் கிளிதரோவில் கர்சனும் லிஸ்டரும் இப்படித்தான் பங்கு பிரித்தார்கள். கடல் தின்ற டன்விச்சில் பார்ன் குடும்பமும் வான்னெக் குடும்பமும்.

உடன்படிக்கை சில சமயம் எழுத்தில் இருக்கும்; பெரும்பாலும் கடிதங்களில், கல்யாணப் பேச்சுக்கும் குதிரை விலைக்கும் நடுவே ஒரு வரியாக ஒளிந்திருக்கும். எனவே குடும்பக் கடிதங்களைத் தேர்தல் வருஷத்துக்கு மட்டும் எடுக்காமல், அதற்கு முந்தின ஒன்றிரண்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். எம்.பி.யின் பெயர் குடும்பத்தோடு சம்பந்தமில்லாததாக இருந்தால், வாரிசுக்கு எப்போது 21 வயது ஆனது என்று பாருங்கள். பையனுக்கு வயது வந்ததும் அந்த அந்நியர் ராஜினாமா செய்திருந்தால், அதுவரை இடத்தைப் பிடித்து வைத்திருக்க வந்தவர் அவர்.

1832க்குப் பிறகு

சீர்திருத்தச் சட்டம் 56 பரோக்களின் இடங்களைப் பறித்தது, 30 பரோக்களில் இரண்டை ஒன்றாக்கியது. ஆண்டுக்குப் பத்து பவுண்டு மதிப்புள்ள கட்டடத்தில் இருக்கும் ஆண்களுக்கு ஓட்டு வந்தது. பழைய சேரம் முதல் பட்டியலில், ஹார்ஷம் இரண்டாவதில். அதோடு குடும்பங்களின் காலம் முடிந்தது என்று நினைத்துத் தேடலை நிறுத்தாதீர்கள். ஹார்ஷத்தில் 1847 தேர்தல் செல்லாது என்றாகி, 1848 இடைத்தேர்தலும் கவிழ்ந்து, கடைசியில் போய் உட்கார்ந்தவர் லார்ட் எட்வர்ட் ஹோவர்ட், நார்ஃபோக் டியூக் குடும்பத்துப் பிள்ளை.

இந்தக் காலத்துக்கு ஆதாரங்கள் மாறும். பர்கேஜ் பத்திரம் பயன்படாது. 1832 முதல் தொடங்கும் வாக்காளர் பதிவேட்டையும், 1840களில் கிராமம் கிராமமாக வரைந்த டைத் (சர்ச்சுக்கான பத்திலொரு பங்கு வரி) வரைபடங்களையும் எடுங்கள். வரைபடத்தில் ஒவ்வொரு மனைக்கும் எண். கூடவே வரும் பட்டியலில் அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர், குடியிருப்பவர். ஓட்டுப் புத்தகங்கள் 1868 பொதுத்தேர்தல் வரை பல ஊர்களுக்குக் கிடைக்கும். 1872க்குப் பிறகு யார் யாருக்குப் போட்டார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அதன்பின் வேட்பாளர்களின் செலவுக் கணக்கைத்தான் நம்ப வேண்டும். செலவுக்கு 1883 சட்டம் உச்சவரம்பு வைத்ததால், அந்தக் கணக்கைத் திறக்கும்போது வரம்புத் தொகையைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள்.